மூன்றாவது கும்பிடு

பழைய அமெரிக்கக் காரை வீட்டில் வைத்து ரிப்பேர் பார்ப்பது, நைந்துபோன வேட்டியைத் தைத்துக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரியான தொழில். ஒரு பக்கம் தைத்து நிமிர்வதற்குள் மறுபக்கம் கிழிந்திருக்கும், ஊரே பார்க்கும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது நகக்கண்ணில் கிரீஸோடு சோறு தின்றவராக இருக்கலாம். "இந்த ஒரு போல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், நாம் சொந்தக்காரர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், கோபமில்லை. என் பெயர் முத்து. யாங்கூனில் தாமுவே பக்கம் ஒரு சந்தில் கீழ்த்தள வீடு. முன்னறைதான் பட்டறை. மாரியம்மன் படத்துக்குக் கீழே எப்போதும் ஒரு கார்புரேட்டர் பிரிந்து கிடக்கும். விளக்கேற்ற வரும்போதெல்லாம் என் மனைவி மா சான் அதைத் தாண்டித்தான் வரவேண்டும், தாண்டும்போது ஏதாவது சொல்லாமல் வரமாட்டாள்.

எத்தனையோ வண்டிகள் வந்து போயிருக்கின்றன. ஆனால் என் தலையில் நரை விழுந்ததற்கு ஒரே ஒரு கார்தான் காரணம். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சந்துக்குள் ஒரு வால்

அந்தக் கார் முதல் தடவை வந்தபோது, மூக்கு என் வாசலைத் தொட்ட பிறகும் வால் எதிர்ப் பக்கத்து டீக்கடை முக்காலிகளுக்கு நடுவில் இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். வெளிர்ப்பச்சை நிறம், இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம் போல ஒரு டிக்கி. ஓட்டி வந்தவர் ஊ டின் அவுங், த்வாண்டே கால்வாயில் லாஞ்ச் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை நான் ஊலே என்று கூப்பிடுவேன். பர்மாக்காரர்கள் மாமாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு நான் கோ முத்து; கோ என்பது ஆண்கள் பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பிரேக் பம்பு ஒழுகியது. கியர் கம்பிகள் லொடலொடவென்று ஆடின. பெட்ரோல் பம்பு இருமியது. "ஊலே, இதை யாராவது சினிமாக்காரனுக்குத் தள்ளிவிட்டுட்டு, சின்னதா ஒரு ஜப்பான் வண்டி வாங்கிக்குங்க" என்றேன். அவர் இடது பக்கக் கதவைத் திறந்து காட்டினார்.

உள்ளே அவர் மனைவி டோ நுவே இருந்தார். அவருடைய அப்பா நம்ம தமிழ் ஆள், ரயில்வேக்காரர். இந்தக் காரும் அந்த அப்பா வைத்திருந்ததுதான். அப்பா வழியில் அவருக்குத் தமிழும் வரும், எனக்கு அவர் அக்கா. ஒரு பஸ் விபத்தில் வலது முட்டி இறுகிப்போய் கால் மடங்காது. அது போதாதென்று சிறுநீரகமும் கெட்டு, செவ்வாயும் வெள்ளியும் நகரத்துக்கு வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்க வேண்டும். டாக்சியில் ஏற்றிப் பார்த்தார்கள், கால் கதவுக்கு வெளியே நின்றது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது வருகிறபோது வரும். இந்தக் காரில்தான் முன்சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. கியரும் ஸ்டீயரிங் தண்டிலேயே இருப்பதால் நடுவில் கம்பி கிடையாது. இடது கதவில் முதுகைச் சாய்த்துக் காலைப் பெஞ்சின் மேல் நீட்டினால், பாதம் வலது பக்கம் ஓட்டுகிற ஊலேயின் தொடையருகே வந்து நிற்கும். மெஷினை ஒரு தடவை தவறவிட்டால் மூச்சு வாங்கும். இரண்டு தடவை தவறவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் வாயைத் திறந்து சொல்லவில்லையாம்.

நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, வண்டி ஓடுதான்னு நீ பாத்துக்க. நான் ஓடுறேனான்னு அவர் பாத்துக்குவாரு."

பிரேக்குக்கு ஜப்பான்

நகரத்து நடுவே பபேடானில் இருக்கும் கனி பாய் கடைக்குள் உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் போக முடியும். அந்த அகலத்துக்குள் ஒரு லேத்து, கூரை வரைக்கும் ஜப்பான் வண்டிச் சாமான், பாயுடைய நக்கல் எல்லாம் அடங்கும். ஒழுகுகிற பிரேக் பம்பை மேஜையில் வைத்தேன். பாய் அதைத் தொடவில்லை. இந்தச் சாமான் கடைசியாகக் கப்பலில் வந்து இறங்கியபோது தன் வாப்பாவுக்கு மீசை முளைத்திருக்கவில்லை என்றார். பிறகு மேல்தட்டிலிருந்து சின்ன லாரியின் பம்பு ஒன்றை எடுத்துப் போட்டார். அதற்குத் தகடு வெட்டி, துளை போட்டு, முன்னறைத் தரையில் மல்லாந்து கிடந்து மாட்டினேன்.

சோதனைக்கு ஊலே ஓட்டினார், நான் பின்சீட்டில். சந்துக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெரிய ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு இறக்கம், அதன் அடியில் சந்தைக் கூட்டம். ஊலே பெடலை மிதித்தார், பெடல் தரையைத் தொட்டது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. "விட்டு விட்டு மிதிச்சுப் பம்ப் பண்ணுங்க" என்று கத்தினேன். அந்த மனுஷன் பதறவில்லை. லாஞ்சுக்குப் பிரேக் ஏது? கியரை இறக்கி, இன்ஜினை அணைத்து, ஓரத்துக் கல்லில் டயரைத் தேய்த்தபடியே கரை ஒதுக்குவது போலக் கொண்டுவந்து, தேங்காய் மூட்டைகளுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். மூட்டைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்தேன்.

உள்ளே தள்ளுகம்பி ஒரு விரல்கடை குட்டை, அவ்வளவுதான் விஷயம். பாயிடம் போய் நீட்டி வாங்கி வந்தேன், அதற்குப் பிறகு அந்தப் பிரேக் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. ஆனால் அன்றைக்குக் கடையில் நான் பிடித்திருந்த டீ கிளாஸ் சாசரில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை இது நடந்திருந்தால், அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது நடந்திருந்தால் என்று மனசு அதையே சுற்றியது. பாய் கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "வண்டிக்கு அமெரிக்கா, பிரேக்குக்கு ஜப்பான், ஓட்டுறவருக்கு ஆண்டவன். நடுவுல நீ எதுக்குப்பா நடுங்குறே?"

இன்ஜினுக்குப் போர்த்திய துணி

பெட்ரோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டாங்கியில் பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, வரிசையில் நின்றே ஆகவேண்டும். வண்டியை நம்பாமல் நானும் கூடப் போயிருந்தேன். உச்சி வெயில். ஓரடி நகர்வோம், நிற்போம். இந்தப் பழைய இன்ஜின்களுக்கு ஒரு வியாதி உண்டு. சூடு ஏறினால் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும், இன்ஜின் மூச்சடைத்து நின்றுவிடும். நின்றது. இன்ஜினில் இருக்கிற பெட்ரோல் பம்பு மேல் ஈரத்துணி போட்டால் சரியாகும். துணிக்கு எங்கே போவது? என் இடுப்பில் இருந்த லுங்கி ஒன்றுதான் துணி. அக்கா பையைத் திறந்து, ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்ள வைத்திருந்த பூப்போட்ட தமெய்னை நீட்டினார்.

தமெய்ன் பெண்கள் இடுப்பில் கட்டுகிற லுங்கி. அது கொடியில் காய்ந்தால்கூட ஆண்கள் அடியில் நுழைய மாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நுழைந்தால் ஆண்பிள்ளைக்கு உள்ள மகிமை எல்லாம் இறங்கிவிடுமாம். குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து அதைப் பம்பில் சுற்றினேன். அதற்குள் முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது, பின்னால் ஹாரன். வண்டியைத் தள்ள நாலு பேர் வந்தார்கள். பானெட்டுக்குள் பூப்போட்ட துணியைப் பார்த்தார்கள். ஒருவரும் கையை வைக்கவில்லை. ஒருவர் மரியாதையாகவே ஓரமாகத் தள்ளி நின்றார். பின்னால் இருந்த வண்டி எங்கள் இடத்துக்குள் மூக்கை நுழைத்தது. இடம் போனால் பெட்ரோல் போச்சு, பெட்ரோல் போனால் இன்றைக்கு மெஷின் போச்சு.

ஊலேயும் அவர்களைப் போல ஒரு ஆண்பிள்ளைதான், அவர்களைப் போல வளர்ந்தவர்தான். வண்டியை விட்டு இறங்கினார். துணியை ஒரு கணம் பார்த்தார். பிறகு பானெட்டுக்கு அடியில் குனிந்து தலையை உள்ளே விட்டு, மிச்சத் தண்ணீரைத் தன் கையாலேயே துணி மேல் ஊற்றினார். வரிசை முழுக்க அதைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் பிடித்தது, இடம் போகவில்லை. நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். முன்சீட்டிலிருந்து அக்கா சொன்னார்: "என் துணியைத் தொட்டா அவங்க மகிமை போயிருமாம். வண்டி போகலைன்னா நான் போயிருவேன். எது முதல்ல போகலாம்னு கேட்டியா தம்பி?"

பாதம் இருக்கிற இடம்

அடுத்தது கியர். ஸ்டீயரிங் தண்டில் இருக்கிற கியருக்கு, தண்டின் அடியில் இரண்டு கைகள் உண்டு. முதல் கியருக்கும் ரிவர்சுக்கும் ஒன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் இன்னொன்று. நடுவில் இருக்கும் புஷ் என்கிற வளையம் தேய்ந்துவிட்டால், முதல் கியரிலிருந்து ரிவர்சுக்கு மாற்றும்போது இரண்டு கைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, வண்டி முன்னேயும் போகாது பின்னேயும் போகாது. ஒரு செவ்வாய்க்கிழமை நாற்சந்தியின் நட்டநடுவில் இது நடந்தது. பானெட்டைத் திறந்து, சூட்டுக்குள் கையை விட்டு, அந்தக் கைகளைத் தட்டிப் பிரித்தேன். அதற்குள் போலீஸ்காரர் விசிலை ஊதி ஊதிக் களைத்துப்போனார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "ஊலே, இந்தத் தொல்லையே வேண்டாம். தண்டுக் கியரைக் கழற்றிட்டு, தரையில ஓட்டை போட்டுக் கம்பி நட்டுடறேன். எல்லாரும் அப்படித்தான் மாத்துறாங்க. ஜென்மத்துக்கும் மாட்டாது." சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. ஊலே பெஞ்சில் உட்கார்ந்து, கம்பி எங்கே வரும் என்று கேட்டார். காட்டினேன். அவர் தன் இடது கையை அந்த இடத்துக்கு மேல், சீட்டின் விளிம்பில் வைத்தார்.

அப்போதுதான் விவரம் சொன்னார். இந்த நாட்டில் ரோட்டுக்கு வலது பக்கமாகத்தான் போக வேண்டும், இவர் ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான். முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டி எதிரே வருவது இவருக்குத் தெரியாது. இடது பக்கம் இருக்கிற அக்காதான் கழுத்தைத் திருப்பிப் பார்த்து "யாபி" என்பார். யாபி என்றால் சரி, போகலாம் என்று அர்த்தம். போகும்போது அப்படி. திரும்பி வரும்போது அக்காவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிப் பேச்சே வராது, கண் மூடியிருக்கும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாததால், கியர் மாற்றியதும் இவர் இடது கை அந்தப் பாதத்தின் மேல் போய் இருக்கும். பெருவிரல் அசையும். அசைந்தால் அடுத்த கியர். வீடு வரைக்கும் அப்படித்தான். இதைக் கேட்ட பிறகு என் கையில் இருந்த டிரில்லிங் மெஷின் ரொம்பக் கனத்தது. "கம்பியை எங்கே வேணுமானாலும் நட்டுக்க, கோ முத்து. அவ பாதம் இருக்கிற இடத்துல மட்டும் நடாதே."

மீ லாபி

ஆக, புது புஷ்தான் வழி. பாய் லேத்தில் பித்தளைத் துண்டை மாட்டினார், சுற்ற ஆரம்பித்தது, கரண்ட் போனது. கரண்ட் வந்தால் எங்கள் ஊரில் மாடிக்கு மாடி "மீ லாபி" என்று குரல் கிளம்பும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குரல் கேட்டதும் பாய் கையிலிருந்த பராட்டாவைப் போட்டுவிட்டு லேத்துக்கு ஓடுவார். உளி பித்தளையைத் தொடும், மறுபடி இருட்டும். இப்படியே இழுத்துக்கொண்டு போனதில் பித்தளை பாதி புஷ்ஷாக நின்றது. வெள்ளிக்கிழமை நிற்குமா? வேறு வழி தெரியாமல், என் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, கம்பிகளுக்கு நடுவில் திணித்துக் கட்டினேன். விடிகாலையில் எழுந்து எழுந்து போய் அது நழுவியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். விளக்கோடு வந்த மா சான் வாசலில் நின்று பார்த்தாள். "என்னைக் கட்டிக்கிட்டு வந்த புதுசுலகூட இப்பிடி எந்திரிச்சு எந்திரிச்சு வந்து பாக்கலையே நீங்க."

சாமிக்கு அடையாளம்

ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கரண்டும் போய் ஜெனரேட்டரும் படுத்து, அக்காவை மெஷினில் போடாமலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவை போயிற்று. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது அக்கா முகம் உப்பியிருந்தது, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினார். மடியில் பூ, தேங்காய், வாழைப்பழம். இங்கே புது வண்டி வாங்கினால் வடக்கே ரோட்டோரத்து ஆலமரத்தடியில் இருக்கும் நாட் சாமியிடம் கொண்டு போவார்கள். நாட் என்றால் காவல் தெய்வம். மற்றதெல்லாம் நம் கோயில் மாதிரிதான். ஆனால் கடைசியில் வண்டியே சாமியைக் கும்பிட வேண்டும். மூக்கைச் சன்னிதிக்கு நேரே வைத்து, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், மூன்று முறை. "இது உங்க அப்பா காலத்து வண்டியாச்சே அக்கா" என்றேன். பாதி உறுப்பு புதுசு, சாமிக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும், அதனால்தான் செவ்வாய்க்கிழமை அப்படி ஆகிவிட்டது என்றார். ஆஸ்பத்திரி இருப்பதும் அதே திசை. இன்னொரு நாள் தனியாகப் போகப் பெட்ரோல் ஏது?

முன்னே போக முதல் கியர், பின்னே வர ரிவர்ஸ். அந்தச் செருப்பு ரப்பருக்கு இதைவிடக் கெட்ட பரீட்சையை என் எதிரிகூட யோசிக்க மாட்டான். வேண்டாம் என்று கெஞ்சினேன். ஊலே என்னைத் தனியாக அழைத்து, "மூணே மூணு தடவை. அவ மனசு" என்றார். மா சான் தன் பங்குக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினாள்.

முதல் கும்பிடு நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதில் தண்டுக்குள் "டக்" என்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. மூன்றாவதற்கு முன்னே போனோம். ஊலே ரிவர்சுக்கு இழுத்தார், கம்பி அசையவில்லை. முன்னால் பூத்தட்டுகள், பின்னால் ரிப்பன் கட்டிய புது வேன்களின் வரிசை, உள்ளே அக்கா வாயால் மூச்சு விடுகிறார். பானெட்டைத் திறந்து கையை விட்டேன், முழங்கை வரைக்கும் வெந்துபோனது. கவ்விக்கொண்ட கியர்க் கைகளைப் பிரித்துவிட்டேன். ஆனால் ரப்பர் பாதி பிய்ந்திருந்தது. இன்னொரு தடவை ரிவர்ஸ் போட்டால் மிச்சமும் போய்விடும், ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். "தள்ளுங்க" என்று கத்தினேன். வேன்காரர்கள் இறங்கி வந்து எல்லாருமாகப் பின்னால் தள்ளினார்கள். சன்னிதியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மட்டும் நின்ற இடத்திலிருந்து அசையாமல் தலையை ஆட்டினார். "வண்டி தானாப் பின்வாங்கினாத்தான் கும்பிடு. ஆள் தள்ளினது கணக்குல சேராது. மூணாவது பாக்கி நிக்குது, நாட் மறக்க மாட்டாரு."

யாபி

"ரெண்டாவது, மூணாவது கியர் மட்டும்தான் ஊலே, மத்ததைத் தொடவே தொடாதீங்க" என்றேன். இந்த இன்ஜினுக்கு ஒரு நல்ல குணம், இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு கிளம்பிவிடும். கிளம்பினோம். ஊலேயின் கை அக்காவின் பாதத்தில். மெஷினுக்கு நேரம் தவறினால் அடுத்த நோயாளியைப் போட்டுவிடுவார்கள், அதுவும் நியாயம்தான். பாதி வழியில் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வந்து மாட்டியது. நடக்கிற ஆள் அதைத் தாண்டிவிடுவான், அப்படி ஒரு வேகம். அதைத் தாண்ட எதிரே பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய அக்காவோ கண்ணை மூடியிருந்தார்.

நான் பின்சீட்டில் இடது ஜன்னலுக்கு நகர்ந்து தலையை வெளியே நீட்டினேன். ரோடு காலி. "யாபி" என்றேன். ஊலே வண்டியைத் திருப்பவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக, "யாபி ஊலே, யாபி." ஸ்டீயரிங் அசையவில்லை. அவர் பின்கழுத்தில் வேர்வை ஓடுவது தெரிந்தது. எதிரே ஒரு பஸ் வந்தது, போனது. மறுபடி காலி. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அவர் அப்படியே லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார். அப்போது முன்சீட்டில் அக்கா கண்ணைத் திறந்தார், கழுத்தைத் திருப்பினார், நூல் மாதிரி ஒரு குரலில் "யாபி" என்றார். அடுத்த நொடி வண்டி லாரியைத் தாண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மெஷின் கட்டில் இன்னும் காலியாக இருந்தது. அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். மெஷின் ஓடுகிற சத்தம் கதவு வழியாகக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நான் என் கையில் எரிச்சலை உணர்ந்தேன். ஊலே ஒரு நர்ஸிடம் மருந்து வாங்கி வந்து, என் முழங்கையில் தானே தடவிவிட்டார். தடவி முடிகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் கண்ணு மேல சந்தேகமில்ல, கோ முத்து. அவ சொல்லாம இருக்கையில என் கை திரும்ப மாட்டேங்குது."

பாக்கி

அக்கா அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டினார், அடுத்த செவ்வாயையும் தாண்டினார். பாய் கடைப் பக்கம் ஒருவழியாகக் கரண்ட் நிலைத்து, பித்தளை புஷ் வந்து சேர்ந்தது. மாட்டினேன். கியர் இப்போது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுகிறது. முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர், ரிவர்ஸ் என்று சந்துக்குள் ஒரு பகல் முழுக்கப் போட்டுப் பார்த்தேன், டீக்கடைக்காரர் முக்காலிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. கும்பிடு பாக்கி என்று அந்தப் பெரியவர் சொன்னது காதிலேயே நின்றது. மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் பாக்கி வைத்தாலே தூக்கம் வராத ஆள் நான், இங்கே வண்டிக்கே பாக்கி.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர்கள் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, இப்ப கியர் மாட்டவே மாட்டாது, நான் பொறுப்பு. வழியில ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த மூணாவதை முடிச்சிட்டு வந்துருங்க." ஊலே அக்காவைப் பார்த்தார். அக்கா காலை நீட்டி, பாதத்தை அவர் பக்கம் சரியாக வைத்துக்கொண்டார். கதவில் முதுகைச் சாய்த்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேணாம் தம்பி, பாக்கி அப்படியே நிக்கட்டும். பாக்கி வச்சிருக்கிறவளைச் சாமி அவ்வளவு சீக்கிரம் கூப்பிட மாட்டாரு. கூப்பிட்டுட்டா அப்புறம் யாரு வந்து கும்பிடுறது?"

வேலையை அரைகுறையாக விட்டுவிட்டாய் என்று இந்தத் தொழிலில் காலமெல்லாம் ஏச்சு வாங்கிய நான், செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பச்சை வால் சந்தை விட்டு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டே, அந்த ஒரு வேலை மட்டும் முடியாமலேயே கிடக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு நிற்கிறேன்.